எட்டுச் செலவுக்கு வைத்த இராணுவப் பெட்டி

"அந்தப் பெட்டியையும் படையலில வையுங்கோ. அவருக்கு அதில சரியான ஆசை," என்று இந்திராதேவி சொன்னதும், பேரின்பநாதனின் கையிலிருந்த தேநீர் சட்டையில் ஊற்றுப்பட்டது.

இந்திராதேவியின் கணவர் கிருபானந்தன் செத்து இன்றோடு எட்டு நாள். எட்டுச் செலவுக்கு, செத்தவர் ஆசைப்பட்டது எல்லாவற்றையும் படைக்க வேண்டும். மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவருடைய மூன்றாம் மாடி வீட்டின் பின்னறையில், படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, நண்டுக் குழம்பு, பொரித்த மீன், அவித்த முட்டை, அரைப் போத்தல் விஸ்கி எல்லாம் வைத்தாயிற்று. கடைசியாக அலுமாரியிலிருந்து இறங்கியது அந்தப் பழுப்புப் பெட்டி.

பிரெஞ்சு இராணுவம் ஒரு சிப்பாய்க்கு ஒரு நாளுக்கென்று கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டி அது. எண்பத்தொன்பதாம் ஆண்டுச் சரக்கு. இன்னும் உடைக்காதது.

ஐரோப்பிய இராணுவங்களின் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தேடி வாங்குவதும், விலை மதிப்பதும், ஒரே பெட்டி இரண்டு கிடைத்தால் ஒன்றைத் திறந்து தின்று பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவதும் மொன்றியல் தமிழரில் இரண்டே பேருக்கு இருந்த பழக்கம். ஒருவர் படத்தில் இருந்தார். மற்றவர் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பெட்டிக்காகப் பேரின்பநாதன் பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறார். எண்பது டொலரில் தொடங்கிய பேரம் அறுநூற்று நாற்பதில் வந்து நின்றது. கிருபானந்தன் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "யோசிப்பமடாப்பா. வாற கிழமை வாவன்," என்பார். திறக்காத பெட்டி அறுநூற்று நாற்பது. திறந்தால் வெறும் மட்டை.

"தங்கச்சி, அதை மூடினபடியே வைக்கலாம்தானே? பாக்கவும் வடிவா இருக்கும்," என்றார் பேரின்பநாதன்.

பதில் சொன்னவர் இந்திராதேவியின் தமையன் மகேந்திரராசா. எந்தச் செத்த வீட்டிலும் முறை சொல்லுகிறவர் அவர்தான்.

"மூடி வச்சால் அவன் என்னெண்டு தின்னுறது? கத்தியோட வருவான் எண்டு நினைக்கிறீரோ?"

"இல்லை அண்ணை, முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேற்பட்ட சாமான். வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது."

மகேந்திரராசா படத்தைப் பார்த்தார். பிறகு பேரின்பநாதனைப் பார்த்தார். "ஆருடைய வயித்துக்கு?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். பேரின்பநாதன் அடுத்த வழியைப் பிடித்தார்.

"இதைவிடக் கிருபாவுக்கு விருப்பமான சாமான் என்னட்டைக் கிடக்கு. இதை விடுங்கோ. பத்து நிமிசத்தில கொண்டு வாறன்."

வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகைக் குளிர். இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு வழுக்கி வழுக்கி ஓடினார். இடுப்புப் பிடிப்போடு கட்டிலில் கிடந்த மனைவி சிவமலர், அவர் ஓர் இத்தாலியப் பெட்டியையும் ஒரு போலந்துப் பெட்டியையும் அணைத்துக்கொண்டு போவதைக் கண்டாள்.

"உதுகளை எங்க கொண்டு போறியள்?"

"எட்டுச் செலவுக்கு."

சிவமலர் சற்று யோசித்தாள். "மற்றதுகளையும் கொண்டுபோங்கோவன்."

இரண்டைக் கொடுத்து ஒன்றைக் காப்பாற்றுவது என்பது அவர் போட்ட கணக்கு. இரண்டும் சேர்த்து நூற்று எழுபது டொலர்தான். மகேந்திரராசா அவற்றை வாங்கி, பிரெஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கினார்.

"சிநேகிதன் எண்டால் இப்பிடி இருக்க வேணும். சரி, மூண்டையும் திறவும்."

"மூண்டையுமோ?"

"செத்தவனுக்கு எண்ணிக் குடுக்கிறதே?"

இந்திராதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரின்பநாதன் தன்னுடைய இரண்டையும் தன் கையாலேயே கிழித்தார். பிஸ்கட், இறைச்சி டின், கோப்பித் தூள், பல்லுக்குத்தும் குச்சி எல்லாம் இலைக்கு வந்தன. மூன்றாவதை எடுத்து, கிழிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைத் திறக்கிறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு அண்ணை. ஆக்கள் பக்கத்தில நிண்டால் சரிவராது. நீங்கள் போங்கோ, நான் வாறன்."

எல்லாரும் கூடத்துக்குப் போனார்கள். தன் டின்களை இலையில் பரப்பி இடத்தை நிரப்பிவிட்டு, பிரெஞ்சுப் பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறுவதுதான் திட்டம். ஆனால் வந்தவர்களுடைய குளிர் கோட்டுகள் எல்லாம் அந்த அறைக் கட்டிலில்தான் குவிந்து கிடந்தன. இருபது கோட்டு, இருபதும் கறுப்பு. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, தன்னுடையதை அவர் தேடிக்கொண்டிருந்தபோது மகேந்திரராசா எட்டிப் பார்த்தார். அறையில் ஆளைக் காணவில்லை; பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தார். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்.

"இனி ஒருத்தரும் உள்ளுக்குப் போகப்படாது. அரை மணித்தியாலம் அவன் ஆறுதலாச் சாப்பிடட்டும்."

பேரின்பநாதன் இருட்டில் நிமிர்ந்தார். தடவித் தடவி எடுத்த அடியில் கால் இலையில் இருந்த பிஸ்கட் பக்கெட்டில் இடித்தது. பக்கெட் சரசரத்தது.

கூடத்தில் பேச்சு நின்றது.

"கேட்டதோ?"

"ஓம்! பக்கெட் சத்தம்!"

"வந்திட்டான்," என்றார் மகேந்திரராசா. நாற்பது வருடமாக முறை சொல்லி வருகிறார். சொன்னது நடந்தது இதுதான் முதல் தடவை.

இந்திராதேவி கதவோடு வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, நண்டுக்கு உப்புக் காணுமோ?"

காணும், போதும் என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் பேரின்பநாதன் அதைச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

"அந்தப் பெட்டியை எத்தினை வருசம் பொத்திப் பொத்தி வச்சிருந்தியள். ஒரு வாய் தின்னாமலே போயிட்டியள். இண்டைக்காவது சாப்பிடுங்கோ அப்பா." பிறகு இந்திராதேவியின் அழுகைச் சத்தம் கேட்டது.

பின்பக்கம் பல்கனிக் கதவும், அதற்கு வெளியே கீழே இறங்கும் இரும்புப் படியும் இருந்தன. கக்கத்தில் பெட்டி இருந்தது. ஐந்து அடி நடந்தால் பதினொரு வருடப் பேரம் ஒரு சதம் செலவில்லாமல் முடிந்துவிடும். அரை மணித்தியாலம் கழித்து இந்திராதேவி கதவைத் திறக்கும்போது இலையில் அந்தப் பெட்டி இருக்காது. அவ்வளவுதான்.

பேரின்பநாதன் நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பெருவிரல் நகத்தால் ஒட்டுத்தாளைக் கீறினார்.

"திறக்கிறான்!" என்றது கூடம்.

டின்னில் முயல் இறைச்சி. பழைய பெயின்ற் மணம். பிஸ்கட் பலகை. சொக்லேட் வாயில் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லை என்று அவள் நினைக்கக்கூடும் என்பதால் அந்தப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் தின்று முடித்தார். பழக்க தோஷத்தில் புள்ளியும் போட்டார்: பத்துக்கு ஒன்றரை. வெறும் மட்டையைப் படத்துக்கு முன்னால் விரித்து வைத்துவிட்டு, கையில் அகப்பட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்தார்.

வெளியே குப்பைப் பையோடு கிருபானந்தனின் மகள் சிவாஜினி நின்றாள். பனியில் நின்ற அவருடைய காலுறைகளைப் பார்த்தாள். மீசையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைப் பார்த்தாள்.

"உள்ளுக்கு நீங்களோ அங்கிள்?"

"அம்மாட்டைச் சொல்லிப்போடாத பிள்ளை. கொப்பா உயிரா வச்சிருந்த சாமான். இலையில அப்பிடியே கிடந்தால் கொம்மா தாங்கமாட்டா எண்டுதான்..."

சிவாஜினி பையைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்கு உந்தச் சாப்பாடு ஒண்டுமே பிடிக்காது அங்கிள். பெட்டியை வித்துப்போட்டால் பிறகு ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் வரமாட்டீங்கள் எண்டுதான் குடுக்காமல் வச்சிருந்தவர்."