ஞாயிற்றுக்கிழமைக் குற்றவாளி

ஒரு மொழியைத் தொலைக்காட்சியில் படிக்கக் கூடாது. படிப்பதென்றாலும் சமையல் நிகழ்ச்சியில் படிக்க வேண்டும். துப்பறியும் தொடரில் படித்தவனுக்குக் கேள்வி கேட்கத்தான் வரும், பதில் சொல்ல வராது. பட்டுத் தெளிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுவிஸின் பாடன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. உருளைக்கிழங்கு உரிக்கவும் சட்டி கழுவவும் கொஞ்சச் சொற்கள் போதும். மிச்ச ஜெர்மன் முழுவதும் ஒரு பிரித்தானிய இன்ஸ்பெக்டரிடம் நான் படித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தொடர் அது. ஜெர்மன் குரல் கொடுத்து ஞாயிறு பின்னேரங்களில் போடுவார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சைரன், பதுங்குகுழி, பங்கீட்டுச் சீனி. (இதில் எதையும் யாரும் எனக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பங்கீட்டுச் சீனியை எங்கே ஒளிப்பது என்று அந்த இங்கிலாந்துக்காரருக்கு நானே வகுப்பு எடுத்திருப்பேன்.)

துப்பறியும் தொடரை இங்கே 'கிறிமி' என்பார்கள். என் மனைவி வசந்திக்கு அது கிருமிதான். "இஞ்சாருங்கோ, உந்தக் கிருமியை நிப்பாட்டிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ" என்று குசினியில் இருந்து குரல் வரும். மகள் ஆரணி மட்டும் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். யார் கொலைகாரன் என்று பாதியிலேயே சொல்லி என் உயிரை வாங்குவாள். அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று வசந்தி கேட்டால், பழைய கார்கள் வடிவாக இருக்கின்றன என்று மழுப்பிவிடுவேன்.

தாயும் மகளும் எனக்கு முன்பே சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் மொழிக்குப் பயந்து பின்தங்கிக் கிடந்தேன். என்னிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அதில் போட்டிருக்கும். எனக்குப் போக வேண்டியிருந்ததோ அந்த ஒரே நாட்டுக்கு. யாழ்ப்பாணத்தில் அம்மா தனியாக இருந்தாள். போன் எடுத்தால் என் சுகம் கேட்பதற்கு முன்பே, "தம்பியைப் பற்றி ஏதும் விசாரிச்சியோ?" என்பாள். சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்ததும் வந்து எல்லா இடமும் ஏறி இறங்கி விசாரிப்பதாகச் சொல்லிச் சொல்லியே ஆண்டுகளை ஓட்டினேன்.

ஒருவழியாக விண்ணப்பித்தேன். நகரசபையின் குடியுரிமைக் குழு நேர்முகத்துக்கு அழைத்தது. வசந்தி என்னை இருத்திவைத்துப் பதில்களைப் பாடமாக்க வைத்தாள்.

"பொழுதுபோக்கு என்னெண்டு கேட்டால் மலையேறுறது எண்டு சொல்லுங்கோ."

"நான் எப்ப மலையிலை ஏறினனான்?"

"ரயிலிலை ஏறினனீங்கள்தானே, அது காணும்."

வெயில் மண்டையைப் பிளந்த அன்று நான் நீளமான மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் போடுவது மாதிரி. (என்னைப் போன்ற ஒரு விசரனை பாடன் ஸ்டேஷன் அதற்கு முன் கண்டிருக்காது.) மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையுடன் குழுத் தலைவி, பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர். மாநிலங்களைக் கேட்டார்கள், சொன்னேன். பழைய போத்தல்களை எந்த நாளில் தொட்டிக்குள் போடக் கூடாது என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அப்போதுதான் தலைவி பொழுதுபோக்கைக் கேட்டார்.

மலை என் வாயில் வரவில்லை. கிறிமி வந்தது. இசை செய்கிறவர் மூஸிக்கர், உதைபந்து ஆடுகிறவர் ஃபுட்பாலர் என்றால் கிறிமி பார்க்கிறவர் யார்? என் மூளை மின்னலாக வேலை செய்தது. "நான் பல வருடமாக ஒரு கிறிமினெல்லர்" என்றேன்.

கிறிமினெல்லர் என்றால் குற்றவாளி. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைக் கொலைகாரன் என்றுதான் சொல்வார். இருவரும் என்னையே பார்த்தார்கள். என்னில் அவர்களுக்கு அக்கறை வந்துவிட்டதென்று நினைத்து விளக்கினேன்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மகளும் கூடச் சேர்ந்துகொள்வாள். மனைவிக்குப் பிடிக்காது, ஆனால் தடுப்பதில்லை."

தாடிக்காரர் பேனையைக் கீழே வைத்தார். தலைவிதான் மெதுவாகத் தொலைக்காட்சியா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அத்தோடு எழும்பி வந்திருந்தால் அன்றே நான் சுவிஸ்காரன்.

தலைவி நல்ல மனதோடு இன்னொன்று கேட்டார். இங்கிலாந்தின் போர் உங்களுக்குத் தூரத்து விஷயமல்லவா, அதில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது? பழைய கார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"ஊரே குண்டில் எரிகிறது. ஒரு பால்காரன் செத்துக் கிடக்கிறான். ஆயிரம் பேர் சாகும்போது ஒரு பால்காரன் என்ன பெரிய ஆளா என்று மேலதிகாரி கேட்கிறான். இன்ஸ்பெக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு விசாரிக்கப் போகிறார். எனக்கு அதுதான் பிடிக்கும். அங்கே ஆள் செத்த பிறகு விசாரணை வருகிறது. எங்கள் ஊரில் விசாரணை வந்தது, பிறகு ஆள் இல்லை. விசாரித்துவிட்டு அனுப்புவதாக அம்மாவிடம் சொல்லித்தான் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள்."

அதோடாவது நிறுத்தினேனா? எனக்குத் தெரிந்த ஜெர்மன் கேள்விதானே. எழுந்து நின்று, மேசையில் கையை ஊன்றி, இன்ஸ்பெக்டரின் அதே குரலில் கேட்டேன்.

"இந்த நாட்டுக்கு வந்த அன்று இதை எல்லாம் சொன்னேன். நீங்கள் எழுதினீர்கள். கூட்டிக்கொண்டு போனது யார் என்று உங்களில் ஒருவராவது ஏன் கேட்கவில்லை?"

நான் வந்த அன்று அந்த இரண்டு பேரும் எங்கே இருந்தார்களோ, பாவம்.

தாடிக்காரரின் முகம் சிவந்தது. "இங்கே கேள்வி கேட்பது நாங்கள்" என்றார்.

அதுவும் இன்ஸ்பெக்டரின் வசனம்தான். மேசையின் இந்தப் பக்கம் இருந்து கேட்கும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. மழைக்கோட்டுக்குள் வியர்த்து ஊற்ற, நான் திரும்பக் கதிரையில் இருந்தேன்.

உள்ளூர் வாழ்க்கையில் ஈடுபாடு போதாது, சில காலம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அம்மா அவ்வளவு காலம் நிற்கவில்லை. அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கை வேலையிடத்து உடைமாற்றும் அறையில் இருந்து வீடியோவில் பார்த்தேன். நடுவில் இணைப்பு அறுந்துபோனது.

இரண்டாம் முறை போனபோது மலையேறுகிறேன் என்றேன். தொலைக்காட்சியில் என்ன பார்ப்பேன் என்றார்கள். காலநிலை அறிக்கை என்றேன். எல்லோருக்கும் திருப்தி. பாஸ்போட் வந்தது, மேசை லாச்சிக்குள் இருக்கிறது. போய்ப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

எங்கள் சனத்துக்குள் இந்தக் கதை இப்போது பிரசித்தம். சூக் நகரில் ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து தோளில் தட்டி, "என்ன அண்ணை, இந்த ஞாயிறும் குற்றமோ?" என்றார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் வசந்தி கட்டாயம் நடித்துக் காட்டுவாள். மழைக்கோட்டு, மூஸிக்கர், ஃபுட்பாலர், கிறிமினெல்லர் எல்லாம் வரும். தாடிக்காரர் பேனையை வைத்த இடத்தில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு அவள் தேத்தண்ணீர் போட எழும்பிவிடுவாள். தம்பி வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடும்.