சந்தனம் வைத்த செம்புத் தகடு

ஆயுதபூஜைக்கு அடுத்த ஞாயிறு, காலை பத்தே கால் மணிக்கு, மனிதகுலத்தின் இயற்பியல் விருதுநகரில் ஒரு சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. மேசை, பட்டாசு அதிபர் மகேஷ்குமாருடையது. இயற்பியலைச் செய்யவேண்டியவள் பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் ஆர்த்தி. அமெரிக்கக் கல்லூரியில் இடம் பிடிக்க மதிப்பெண் போதாது, வீட்டிலேயே 'லட்சியமான' ஒரு பரிசோதனை வேண்டும் என்று மடிக்கணினித் திரையில் ஆலோசகர் ஸ்ரீராம்குமார் அறிவித்திருந்தார். சென்னைக்காரர். ஞாயிற்றுக்கிழமையும் கோட்டு போட்டிருந்தார்.

"சூரியனை உண்டாக்கலாம் சார். அணுக்கரு இணைவு. போன வருஷம் ஒரு பையன் கார் ஷெட்ல செஞ்சான்."

மகேஷ்குமார் தன் கார் ஷெட்டை மனதுக்குள் அளந்தார். சூரியனுக்கு இடம் இருந்தது.

"அப்ப காரை எங்கன விடுவீக?" என்றாள் மனைவி சொர்ணலட்சுமி.

சூரியன் கைவிடப்பட்டது. அடுத்து விண்வெளித் துகள்கள் பரிசீலிக்கப்பட்டன. போட்டோவில் விழாது என்பதால் அவையும் தள்ளுபடியாயின.

"உடம்புல தேங்குற மின்சாரத்தைக் காட்டுற பெட்டி செய்றேம்பா," என்றாள் ஆர்த்தி. "நைலக்ஸ் சேலை உரசினா வருமே, அது."

"ரொம்பச் சின்னதா இருக்கே," என்றார் ஆலோசகர்.

"சின்னதா? எங்க வெடிமருந்து ரூம்ல அதுலருந்து ஒரு பொறி விழுந்தா கட்டடமே இருக்காது சார்," என்றார் மகேஷ்குமார் பெருமையாக.

"அப்படியா? அப்ப பெருசுதான். உங்க கம்பெனியிலயே சோதிங்க. 'உயிர் காத்த மாணவி'ன்னு தலைப்பு வைப்போம்."

"யார் உயிரை?" என்றாள் ஆர்த்தி.

"அதை அப்புறம் நிரப்பிக்கலாம்."

புதன்கிழமைக்குள் பெட்டி தயார். உடம்பில் மின்சாரம் இருந்தால் சிவப்பு பல்பு, இல்லையென்றால் பச்சை. சொர்ணலட்சுமி சிவப்பாக எரிந்தாள். குடும்பமே மகிழ்ந்தது.

மகேஷ்குமாரின் அச்சங்குளத்துக் கம்பெனியில் பாதுகாப்புக்குத்தான் முதல் மரியாதை. முதலாளியே கைபேசியைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். மருந்து கலக்கும் அறையின் வாசலில் செம்புத் தகடு. நுழைகிறவர்கள் அதைத் தொட்டால் உடம்பிலுள்ள மின்சாரம் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும். ஆயுதபூஜைக்குப் புளி போட்டுத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பார்த்தால் கண் கூசியது.

மருந்து கலக்கும் வேலுத்தாய் வந்தாள். தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆர்த்தி பெட்டியை நீட்டினாள். சிவப்பு.

"இன்னொருக்க தொடுங்கக்கா."

சிவப்பு. பின்னால் வந்த பாண்டிச்செல்விக்கும் சிவப்பு.

"பெட்டியில கோளாறு," என்றார் மகேஷ்குமார்.

ஆர்த்தி சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். தகட்டிலிருந்து வந்த கம்பி முழங்கால் உயரம்வரை இறங்கி அங்கேயே முடிந்திருந்தது. நுனிக்கும் சேர்த்து நேர்த்தியாக வெள்ளையடித்திருந்தார்கள்.

"போன வருசப் பூசைக்கு வெள்ளையடிக்கையில இடைஞ்சலா இருந்துச்சு, வெட்டிட்டோம் மொதலாளி," என்றார் போர்மேன் சுந்தரபாண்டி. "தகட்டுல கை வைக்கல. அது முழுசா இருக்கு."

மகேஷ்குமார் கேட்டுக்குப் போனார். கைபேசியை வாங்கி ஆலோசகரிடம் ஆலோசித்தார். திரும்பி வந்தபோது ஆர்த்தி பெட்டியோடு அறை வாசலை மறித்து நின்றாள். பெண்கள் வெளியே நின்றார்கள்.

"ஆலோசகர் சிவப்பு வேண்டாங்காரு, ஆத்தா. விண்ணப்பத்துல குடும்பத்தைப் பத்தியும் கேப்பாங்களாம், கம்பி வெட்டுன கதை அதுல வந்திரக்கூடாதாம்." குரலில் கனிவு இருந்தது. "சூரியனையே செஞ்சிருவோம். காரை நான் தெருவுல விட்டுக்கிடுதேன். வழிய விடு, தீவாளி லோடு நிக்குது."

ஆர்த்தி நகரவில்லை. வேலுத்தாய் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மொதலாளி, அப்ப ஒரு வருசமா நாங்க எதத் தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ள போனோம்?"