ஆய்வாளர் படுக்கும் மெத்தை

விளம்பரங்களைப் பார்த்து மக்கள் இனி ஏமாறக் கூடாது என்று அரசாங்கம் ஒரு நாள் காலையில் முடிவெடுத்தது. அதற்கு முந்தைய நாள் மாலை வரை அதற்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. எப்படியோ, சொல்ஜாலத் தடுப்பு இயக்குநரகம் பிறந்தது. மாடிப்படி, நாற்காலிகள், ஓடாத மின்விசிறி எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, வேலை தெரிந்த ஒருவரும் வேண்டுமே என்று கடைசியாக ஓர் ஆய்வாளரை நியமித்தார்கள்.

அவருக்குச் சல்லடை என்று பெயர் விழுந்துவிட்டது. எந்தப் பேச்சைக் கொடுத்தாலும் சலித்து, ஜாலத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். பற்பசைக்காரன் "நாளைக்கு உங்கள் சிரிப்பைப் பார்த்து யாராவது முகம் திருப்பினால்?" என்று எழுதி வந்தால், "அச்சமூட்டல்" என்று சிவப்பு மையால் ஒரு கோடு. "ஊரே எங்கள் சோப்பில்தான் குளிக்கிறது" என்றால், "கூட்டத்தைக் காட்டி இழுத்தல்." படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் நின்றால், "இவர் மருத்துவரா, கோட்டு மட்டுமா?" என்று ஓரத்தில் ஒரு கேள்வி. "உங்களைப் போன்ற அறிவாளிகளுக்கு மட்டும்" என்றால் இரண்டு கோடு, ஏனென்றால் அதைப் படித்தபோது அவருக்கே ஒரு கணம் மனம் குளிர்ந்துவிட்டது.

இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சுவது, "இது சோப்பு. நுரை வரும்." அவ்வளவுதான். அதற்கு 'ஜாலமற்றது' என்று வட்ட முத்திரை குத்தி அனுப்புவார்.

வீட்டிலும் சல்லடை ஓய்ந்ததில்லை. "சாப்பிட வாங்க, ஆறிப்போயிடும்" என்று மனைவி கூப்பிட்டால், "அச்சமூட்டல்" என்பார். "எல்லார் வீட்டிலும் சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சுங்க" என்றால், "கூட்டத்தைக் காட்டல்." அந்த அம்மாள் ஒரு கட்டத்தில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள். அதற்கு இயக்குநரகத்தில் தலைப்பு ஏதும் இல்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அம்மாள் வாங்கிய அந்த மெத்தை வீட்டுக்குள் வந்தது.

உள்ளே என்னத்தை வைத்துத் தைத்தார்களோ, தட்டினால் கதவைத் தட்டியது போலச் சத்தம் கேட்டது. ஓர் இரவு படுத்த அம்மாள், காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இதை எவன் உன் தலையில கட்டினான்?" என்றார் சல்லடை.

"நீங்கதான்."

"நானா?"

"இதோ, உங்க முத்திரை." மெத்தையின் ஓரத்தில் தைத்திருந்த சீட்டைக் காட்டினாள். 'இது மெத்தை. இதன் மேல் படுக்கலாம்.' கீழே அழகாக, வட்டமாக, ஜாலமற்றது.

"இந்தாம்மா, இந்த வாசகத்துல ஜாலம் இல்லைன்னுதான் முத்திரை சொல்லுது. மெத்தை நல்லா இருக்குன்னு எங்கே சொல்லுது?"

"அப்படீன்னா அதை வாசகத்துலயே வச்சுக்க வேண்டியதுதானே? மெத்தையில எதுக்குத் தைக்கிறாங்க? கடையில முத்திரையைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குறாங்க. மெத்தையை எவனும் தடவல!"

சல்லடை அவள் சொன்னதைச் சலித்துப் பார்த்தார். சிவப்பு மை போட அதில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

"அந்த முத்திரையை ஒழிச்சுக்கட்டுங்க. ஒழியுற வரைக்கும் இதுல நீங்க படுங்க" என்று சொல்லி, அம்மாள் தன் கட்டிலில் இருந்து மெத்தையை இழுத்து அவர் கட்டிலில் போட்டாள். அவருடைய பழைய மெத்தை அவளிடம் போயிற்று.

ஆக, முத்திரை ஒழிந்தால்தான் முதுகு பிழைக்கும் என்ற நிலை. சல்லடை உயிரைக் கொடுத்து ஓர் அறிக்கை எழுதினார். ஜாலத்தைப் பிடிக்க வந்த முத்திரையே எல்லாவற்றையும் விடப் பெரிய ஜாலமாகிவிட்டது, வெள்ளைக் கோட்டு போன இடத்தில் நம் வட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது, 'இன்னும் எத்தனை முதுகுகள் பலியாக வேண்டும்?' என்று முடித்தார். முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. முதுகும் ஒரு காரணம்.

இயக்குநரகத்தின் தலைவரான ஆணையர் அறிக்கையை வாங்கினார். பேனாவைத் திறந்தார். சிவப்பு மை.

"'இன்னும் எத்தனை முதுகுகள்?' பதில் வேண்டாத கேள்வி. 'பலியாக'ன்னா அச்சமூட்டல். 'எல்லாவற்றையும் விட'ன்னா மிகைப்படுத்தல். என்னய்யா இது, எங்களுக்கு வகுப்பெடுத்த ஆளே நீங்கதானே?"

"அத்தனையும் உண்மை, சார்."

"உண்மைன்னா அதுக்கு எதுக்கு இத்தனை சத்தம்? படிக்கப் படிக்க எனக்கே முத்திரையை எடுத்துடலாம்னு தோணிடுச்சு. எவ்வளவு ஆபத்து பாருங்க! போய்ச் சலிச்சுக் கொண்டாங்க."

சல்லடை சலித்தார். தன் கையாலேயே தன் அறிக்கையின் கழுத்தைத் திருகினார். மிஞ்சியது இது: 'ஆய்வாளர் இந்த மெத்தையில் தினமும் படுக்கிறார். முதுகு வலிக்கிறது.'

ஆணையர் படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அற்புதம்! ஒரு துளி ஜாலம் இல்லை!"

"அப்போ முத்திரையை எடுத்துடலாமா, சார்?"

"எதுக்கு?"

"முதுகு வலிக்குதே, சார்."

"வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, படிச்சேன். ஆனா முத்திரையை எடுக்கணும்னு என் மனசு கொஞ்சம்கூட அசையலையே. படிக்கிறவன் மனசை அசைக்காம எழுதணும், அதுதானே நம்ம துறையோட லட்சியம்? இன்னிக்குத்தான்யா அது நிறைவேறியிருக்கு."

சொல்லிவிட்டு அறிக்கையின் மேல் ஜாலமற்றது என்று ஓங்கி ஒரு குத்து. முத்திரை வாங்கியது எதுவாக இருந்தாலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. அறிக்கை வாசல் பலகையில் ஏறியது.

அதைப் பார்வையிட்ட பொதுமக்களில் மெத்தை முதலாளியும் ஒருவர். கையோடு புது விளம்பரத்தை எழுதிக்கொண்டு மாடி ஏறி வந்தார். 'ஆய்வாளர் இந்த மெத்தையில் தினமும் படுக்கிறார்.'

சல்லடைக்கு ரத்தம் தலைக்கேறியது. "அடுத்த வரி எங்கேய்யா?"

"சீட்டுல இடம் பத்தலைங்க. விட்டது தப்புன்னா எந்த விதின்னு சொல்லுங்க, கட்டுப்படுறேன்."

சல்லடை விதிகளை முதலிலிருந்து கடைசி வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். சொன்னதற்கெல்லாம் விதி இருந்தது. சொல்லாமல் விட்டதற்கு ஒன்றுகூட இல்லை. விதிகளை எழுதியவர் அவரேதான்.

"இது அதிகாரியைக் காட்டி ஆளை இழுக்கிறது. வெள்ளைக் கோட்டு வேலை!"

"கோட்டு பொய்யா இருந்தாத்தானுங்க குற்றம்? நீங்க நிஜ அதிகாரிதானே? இல்லைன்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

இல்லை என்று சொல்லச் சல்லடைக்கு நாக்கு எழவில்லை. "சரி, தினமும் படுக்கிறேன்கிறது பொய்" என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அதுதான் வாசல் பலகையில் அவர் கையெழுத்தோடு தொங்கியது. மெய்யான வாசகம், எளிய வாசகம், விதிப்படி ஒரு குறையும் இல்லாத வாசகம். முத்திரையைக் குத்தும்போது அவர் முதுகில் சுரீரென்றது.

மறுநாள் கடைத்தெருவில் நடக்க வழியில்லை. மெத்தைக் கடை வரிசை மூலை திரும்பி அடுத்த தெருவுக்கும் போயிருந்தது. வரிசையின் நடுவே ஆணையர் ஒரு குடையின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

சல்லடை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"ஏங்க, எனக்கும் ஒண்ணு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப வந்துடும்."

"எது?"

"அந்த மெத்தைதான். அதிகாரியே தினமும் அதுலதான் படுக்கிறாராம், போட்டிருக்கான்."

"அடிப்பாவி, அந்த அதிகாரி நான்தான்! நீதானே என்னை அதுல தள்ளினே! ராத்திரியெல்லாம் நான் முனகுறது உனக்குக் கேட்கலையா?"

"கேட்குதுங்க" என்றாள் அம்மாள் பரிவாக. "ஆனா நீங்க சொல்றதை நம்பி நான் எப்படி வாங்காம விட முடியும்? நீங்க முனகுறதுலயும் முத்திரை இல்ல, அன்னைக்கு என் முதுகு வலிச்சதுலயும் முத்திரை இல்லையே. அதுவும் அச்சமூட்டல்தானே?"

வண்டி வந்து நின்றது. மெத்தை கனம். வண்டிக்காரன் ஒரு பக்கம் பிடித்தான். சல்லடை மறுபக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்.