ஆவியில் வெந்த முந்திரிக்கொத்து

தாராவி, பம்பாய் – 17
29 டிசம்பர் 1964

‘இல்லக்கிளி’ வார இதழின் அடுக்களைப் பகுதி ஆசிரியை அவர்களுக்கு, எமரென்சியா மிக்கேல்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

ஆமாம், செய்து பார்த்தோம். நீங்கள் எழுதியபடியே, ஒரு வரி விடாமல்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எழுதுவதை நீங்கள் சாப்பிடுவதில்லை என்பதால் அப்படி நம்புகிறேன்.

டிசம்பர் முதல் வார இதழில் ‘இதயத்துக்கு இதமான பண்டிகைப் பலகாரங்கள்’ என்று இரண்டு பக்கம். தலைப்பின் கீழே ஒரு பெண் தட்டை ஏந்திச் சிரிக்கிறாள். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி படம் எடுத்திருக்கிறீர்கள். அதில் மட்டும் உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன். ‘செய்து பாருங்கள், எப்படி வந்தது என்று எழுதுங்கள்’ என்று முடித்திருந்தீர்கள். எழுதுகிறேன்.

அப்பாவுக்காகச் செய்தோம். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். நின்றுகொண்டே செய்யும் வேலை. சர்க்கரை வியாதி. அக்டோபரில் இடது கால் பெருவிரலில் ஒரு இரும்புத் துண்டு விழுந்தது. சின்னக் காயம்தான். ஆறவில்லை. மாட்டுங்கா டாக்டர் விரலைப் பார்த்தார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பண்டிகையில் வாயைக் கட்டினால் விரல் இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். பெருவிரல் போனால் நிற்க முடியாது. நிற்க முடியாத பிட்டரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா வாயைக் கட்டிக்கொள்வார். எங்கள் சந்து அவரை விடாது. நாங்கள் இருப்பது சால் என்கிற தொடர்வீட்டில். ஒரே வராந்தா, வரிசையாகக் கோலிகள் என்னும் ஒற்றை அறைகள், நடுவே பலகைத் தடுப்பு. கிறிஸ்துமஸ் அன்று ஒவ்வொரு கோலியிலிருந்தும் எங்களுக்குத் தட்டு வரும். தட்டோடு ஆளும் வந்து, அப்பா வாயில் போடும்வரை நிற்கும். பக்கத்துக் கோலி ஏஞ்சலம்மாள் போன வருடம் அதிரசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஒரு துண்டு தின்னா செத்தா போவீரு அண்ணாச்சி?” என்று கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். தின்றார்.

ஆகவே உங்கள் இரண்டு பக்கம். வீட்டிலாவது அவர் கையில் தீங்கில்லாத ஒன்று இருக்கட்டும், அதைக் காட்டி மற்றதை மறுக்கட்டும் என்று நினைத்தோம். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. நான் வாசித்தேன், அம்மா செய்தாள்.

“வெல்லத்துக்குப் பதிலாக, சாக்கரின் வில்லை.”

“அது எதுட்டி?”

“மாத்திரைம்மா.”

“பலகாரத்துக்கா, காய்ச்சலுக்கா?”

“தேங்காயைத் தவிர்க்கலாம்.”

“தவுத்துட்டு?”

“எள்ளையும் தவிர்க்கலாம்.”

அம்மா எள் டப்பாவை மூடினாள். “இத எழுதுன பொம்பளைக்குப் புருசன் இருக்கானா?”

“தெரியல.”

“இருந்தா ஓட்டல்லதான் சாப்புடுவான். மேல வாசி.”

“எண்ணெய்ச் சட்டியை ஏற்றவே வேண்டாம். இட்லிக் கொப்பரையில் ஆவியில் வேகவைத்து எடுக்கவும்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏட்டி, முந்திரிக்கொத்துன்னா எண்ணெயில பொரியணும். ஆவியில வெந்தா அது வேற சாமான்.”

நான் தத்துவம் எம்.ஏ. படிக்கிறேன். ஒரு பொருளிலிருந்து அதன் குணங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது எது என்ற கேள்வியை இரண்டு வருடமாகப் புத்தகங்களில் பார்த்துவருகிறேன். உங்கள் குறிப்பில் விடை கிடைத்தது. மாவு.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, முந்திரிக்கொத்து என்றால் உள்ளே முந்திரி கிடையாது. பயற்றம் மாவு உருண்டைகள் மூன்று, திராட்சைக் கொத்துபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மேலே மொறுமொறுவென்று ஒரு தோலுடன் இருக்கும். ஆவியில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. கரைந்து ஒன்றாகிவிட்டன. நிறம் நனைந்த சிமெண்டு. வாயில் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கசப்பு. பிறகு தொண்டைக்குள், வெகு தூரத்தில், யாருக்கோ இனித்தது.

‘எண்ணெயில்லா அச்சுமுறுக்கு’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அச்சைத் தணலில் காய்ச்சி மாவில் தோய்த்து ஆறவிட்டால் தானே கழன்று விழும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா தட்டினாள். உதறினாள். சுவரில் அடித்தாள். ஏஞ்சலம்மாள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து “என்ன மைனி, ஆணி அடிக்கியளா?” என்று கேட்டாள். அச்சும் முறுக்கும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டு முகவரி தெரிவித்தால் அனுப்பிவைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் காலை. எங்களுக்குத் தட்டுகள் வந்துவிட்டன. அப்பா தூங்குவதுபோல் கிடந்தார், பிறகு வந்து ஊட்டுவதாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். பதிலுக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. இருந்தது உங்கள் உருண்டைகள் மட்டும்தான். பூப்போட்ட துணியால் மூடி, வாசலில் நின்றே கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள உங்களுக்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்று தெரிய வேண்டும். துட்டி. சாவு என்று பொருள். துட்டி வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றமாட்டார்கள். பண்டிகையானாலும் சரி, வேதம் எதுவானாலும் சரி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இது பொது. உங்கள் சென்னையில் எப்படியோ.

ஏஞ்சலம்மாளுக்கு அடுத்த கோலி பேராச்சி அக்கா தட்டை வாங்கினாள், துணியை விலக்கினாள், ஒன்றை எடுத்து முகர்ந்தாள், ஒரு ஓரத்தைக் கடித்தாள், கடித்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றபடியே முந்தின நாள் முழுக்க எங்கள் கோலியிலிருந்து எண்ணெய் வாசமே வரவில்லை என்பதை நினைத்துப் பார்த்தாள், அதைத் தடுப்பு வழியாக ஏஞ்சலம்மாளிடம் சொன்னாள், ஏஞ்சலம்மாள் சுவரில் ஏதோ அடிபட்ட சத்தம் கேட்டதென்றும் அது தலையாகக்கூட இருக்கலாமென்றும் சொன்னாள், இரண்டு பேரும் சேர்ந்து குழாயடிக்குப் போனார்கள், குழாயடியிலிருந்து திரும்பும்போது எட்டுப் பேராக இருந்தார்கள், எட்டுப் பேரும் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள்.

பேராச்சி அக்கா வாசலிலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மைனி, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

“எத?”

“மறைக்காதிய. நீங்க சட்டி வைக்கலியே.”

“அது வந்து, டாக்டரு என்ன சொன்னாருன்னா...”

“டாக்டரும் கைய விரிச்சிட்டாரா!” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பின்னால் நின்ற ஏஞ்சலம்மாள் என்னைக் கிள்ளினாள். “யாருக்குட்டி?” யார் என்று தெரியாதது அவளுக்குத் தடையாக இல்லை. அழுதாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். யாரும் சாகவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் சட்டி வைக்கவில்லை என்பது. அதற்குப் பதில் ‘இல்லக்கிளி’. ஒரு பத்திரிகையைப் பார்த்துச் செய்த பலகாரம் அது என்று எட்டுப் பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட யாராவது செத்திருந்தால் தேவலை என்று அம்மாவின் முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் கட்டிலிலிருந்து அப்பா இருமினார். “சொல்லிரு சேசம்மா. எத்தன நாளைக்குத்தான் மறைக்க முடியும்?”

அம்மா திறந்த வாயை மூடவில்லை.

“யாரு அண்ணாச்சி?” என்றாள் பேராச்சி அக்கா.

“இன்னாசிமுத்து.”

“எந்த இன்னாசிமுத்து?”

“எம் பெரியம்மை மவன். கொழும்புல சாக்குக்கடை வச்சிருந்தான்.” கண்ணைத் துடைத்தார்.

என் அப்பாவின் தாயாருக்கு உடன்பிறந்த பெண்களே இல்லை. பெரியம்மைக்கு இடமில்லை. மகனுக்கு வழியே இல்லை. ஆனால் சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் வெயிலுமுத்து மாமா, பேராச்சி அக்காவின் புருஷன், வாலிபத்தில் கொழும்பில் இருந்தவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இன்னாசியா? கட்டையா, நெத்தியில ஒரு தழும்பு?”

“அவனேதான்,” என்றார் அப்பா.

“அட பாவி மனுசா! என்னா ஆளு வே அவன்! கடனா ஒரு சாக்கு கேட்டா ரெண்டா குடுப்பானே!” மாமா உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன். பேராச்சி அக்காவின் கண் அலமாரிமேல் போனபோதுதான் புரிந்தது. அங்கே காலையில் வந்த தட்டுகள் வரிசையாக இருந்தன. அதிரசம், கேக், நெய்யில் பளபளக்கும் அசல் முந்திரிக்கொத்து.

“அய்யய்யோ, தெரியாமக் கொண்டாந்து குடுத்துட்டமே. துட்டி வீட்ல இனிப்பு இருக்கப்படாது. எடுங்கட்டி, எடுங்க.”

எடுத்தார்கள். ஒவ்வொரு தட்டாகப் படி தாண்டிப் போயிற்று. ஏஞ்சலம்மாள் தன் அதிரசத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க அண்ணாச்சி,” என்றாள். அப்பா அந்த முந்தானையையே பார்த்தார். “ஒனக்கு எப்படித் தெரியும் தாயி,” என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

அன்று முதல் எங்கள் அடுப்பு எரியவில்லை. முறை வைத்துச் சாப்பாடு வருகிறது. துட்டி வீட்டுச் சாப்பாடு: கேப்பைக் கூழ், கீரை, சர்க்கரை போடாத கடுங்காப்பி. யாரும் அப்பாவிடம் ‘ஒரு துண்டு’ என்று சொல்வதில்லை. வருகிறவர்கள் இன்னாசிமுத்துவைப் பற்றிக் கேட்கிறார்கள், அப்பா சொல்கிறார். நேற்று இன்னாசிமுத்துவுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இன்று காலை மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயமான இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அம்மா அழுதாள். நடிக்கவில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெயிலுமுத்து மாமா கோயிலுக்கே போகாத மனிதர், அதுவும் இந்து. எங்கள் பங்குச் சாமியாரிடம் போய் இன்னாசிமுத்துவின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் மட்டும் அழவில்லை. “படிச்ச புள்ளையளுக்குக் கண்ணீரு வராதோ?” என்று ஏஞ்சலம்மாள் கேட்டாள். இல்லாத ஒருவரை எட்டுப் பேர் சேர்ந்து இருக்கவைத்து, பிறகு சாகவைத்து, பிறகு நேசிக்கிறார்கள். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

அம்மணி, சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். ஒரு ஆளைக் குறைத்திருக்கிறோம். பண்டிகை நாளில் ஒரு வீடு எண்ணெய்ச் சட்டி ஏற்றுவது நாக்குக்காக மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். அந்த வாசம் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பாடை கட்ட ஆள் தேடுவார் என்பது அந்தப் பக்கங்களில் நீங்கள் போட்ட பலகாரப் பலன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? உங்கள் குறிப்பைக் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு முறை, ஒரே ஒரு முறை, மனிதர் வாய்க்குக் கொடுத்துப் பார்த்தீர்களா? இந்தக் கடிதத்தை ஒரு சொல் குறைக்காமல், என் பெயரோடும் முகவரியோடும், அதே இரண்டு பக்கத்தில் வெளியிட வேண்டும். கீழே உங்கள் வருத்தத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். அதுவரை ‘இல்லக்கிளி’ எங்கள் வாசற்படி ஏறாது.

உங்கள் வீட்டாருக்கு என் அன்பையும் அனுதாபத்தையும் தெரிவியுங்கள். உங்கள் அடுப்பு நன்றாக எரியட்டும். அதன்மேல் எப்போதாவது ஒரு எண்ணெய்ச் சட்டி ஏறட்டும்.

இப்படிக்கு,
எமரென்சியா மிக்கேல்ராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். தயவுசெய்து.

கடிதத்தை மடித்துவைத்துவிட்டு மத்தியானம் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். புண்ணின் ஓரம் காய்ந்திருக்கிறது. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. விரலை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை, ஒரு மாதத்தில் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். அப்படி என்ன சாப்பாடு என்று கேட்டார். “துட்டி,” என்றார் அப்பா. டாக்டர் குஜராத்தி. இரண்டு முறை சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

‘இல்லக்கிளி’ வெயிலுமுத்து மாமாவின் டீக்கடைக்கு வாராவாரம் வருகிறது. சத்தமாக வாசிப்பார்கள். நீங்கள் இதை வெளியிட்டால் அன்று சாயங்காலமே எல்லாத் தட்டுகளும் திரும்பி வந்துவிடும், முதல் தட்டு ஏஞ்சலம்மாளுடையதாக இருக்கும். ஆகவே இதற்குப் பதிலாக, ‘பிரமாதமாக வந்தது – ஒரு வாசகி, பம்பாய்’ என்று ஒரு வரி போட்டால் போதும்.

துட்டி நாற்பது நாள் தாங்கும். அதற்குப் பின் தவக்காலம். அதையும் தாண்டி ஈஸ்டர் வரும். அதற்குள் ஆவியில் வேகக்கூடிய இன்னொன்றை எழுதுங்கள். ருசியைத் திருத்த வேண்டாம், இதே அளவு இருக்கட்டும். கொழும்பில் இன்னும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்கிறார் அப்பா.

அவருக்குக் கட்டு மாற்றிவிட்டேன். அம்மாவின் கறுப்புச் சேலையைக் கஞ்சி போட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி வராந்தாவில் காயப்போட்டேன்.