சுவர் பாயும் ஆறு ஓட்டைகளும்

இந்த உலகத்தில் ஆணி என்ற பொருளைக் கண்டுபிடித்தவனை இன்னும் மன்னிக்காத ஒரே மனிதர் எங்கள் ஹவுஸ் ஓனர் சுவர் பாய்தான். அவருக்கு வேறு பெயர் இல்லாமல் இருக்காது. ஆனால் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இறங்கி, “சொவுரு பாய் வூடு எது?” என்று கேட்டால் போதும். கை நீட்டிக் காட்டிவிட்டு, “பாத்துங்க, சாஞ்சி கீஞ்சி நின்னுடாதீங்க” என்று எச்சரிக்கையும் சேர்த்தே தருவார்கள்.

வளைகுடாவில் வெயிலில் வெந்து சம்பாதித்ததை எல்லாம் கொண்டுவந்து வரிசையாக மூன்று வீடு கட்டியிருந்தார். முதல் வீட்டில் அவரும் பாயம்மாவும். நடு வீட்டில் நிர்மலா டீச்சர், தன் மகளோடு. கடைசி வீட்டில் நானும் என் மனைவி செல்வியும். எனக்கு ஒரு பீங்கான் கம்பெனியில் ஆபீஸ் வேலை. பால் காய்ச்சிய அன்றே பாய் வந்து நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

“கறி ஆக்குங்க, மீனு ஆக்குங்க, பூனை வேணும்னாலும் வளத்துக்குங்க. சொவுத்துல மட்டும் ஆணி அடிக்கக் கூடாது. நான் அங்க வெயில்ல நின்னேன் தம்பி, அதான் இங்க சொவுரா நிக்குது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேல் படுத்தபடி மணி காட்டியது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கல்யாண போட்டோ டிவிக்குப் பக்கத்தில், சுவரில் படாமல், விறைப்பாக நின்றது. ஒரு நாள் செல்வி சமையலறையில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

“என்னாம்மா அது சத்தம்?”

“இஞ்சி தட்டுறேன் பாய்.”

“மெதுவா தட்டும்மா. சொவுத்துக்குக் கேக்குது.”

எங்கள் ஊரில் பீங்கான் கப் வாங்கினால் விரலால் சுண்டிப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். கணீரென்றால் நல்ல சாமான். மொத்தென்றால் எங்கோ விரிசல். பாய் அந்தப் பழக்கத்தைச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டார். வாடகை வாங்க வரும்போதெல்லாம் சுவரைச் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். வாடகையை மறந்த மாதங்கள் உண்டு. சுண்ட மறந்ததே கிடையாது.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் பாயம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து, பாண்டிச்சேரியில் ஆபரேஷன். மகள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் மருந்து, மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாய் மட்டும் ஊருக்கு வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

“பாத்ரூம்ல புடிச்சிக்கக் கம்பி மாட்டாம அவங்கள உள்ள வுடக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இன்னொரு தடவ விழுந்தா எழுந்திரிக்கவே மாட்டாங்களாம். நாளைக்கு மதியம் வந்துடுவாங்க தம்பி.”

கம்பி என்றால் இரண்டு முனையிலும் மூன்று மூன்று ஸ்குரூ. ஆறு ஓட்டை. பாயின் சுவரில்!

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். “அவன் பெரிய டிரில் மெஷினக் கொண்டாருவான். வூடே அதிரும்” என்று மறுத்தார். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டிக்கொள்ளும் கம்பி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து டைல்ஸில் அமுக்கினார். தானே பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அடுத்த நொடி கம்பி அவர் கையில் இருந்தது, அவர் தரையில் இருந்தார். எழுந்தவர் கைலியை உதறிக்கொண்டே சொன்னார்: “கெளம்புங்க தம்பி. சின்ன மெஷினா ஒண்ணு வாங்கி நானே போடுறேன். எஞ் சொவுத்துல எங் கைதான் படணும்.”

கடைவீதி ஹார்டுவேர்ஸ் கடைக்குள் நுழையும்போது பாயின் கையில் துண்டு சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிரித்தால், மேலே டைல்ஸ் ஒட்டிய ஒரு செங்கல். வீடு கட்டும்போதே அதே கலவையில் பூசி, பரணில் பத்திரமாக வைத்திருந்தாராம். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு போவார்கள். பாய் சுவரின் ஜாதகத்தோடு வந்திருந்தார்.

கடைக்காரர் ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் மெஷின்களாக எடுத்துப் பரப்பினார். விலை குறைந்ததில் ஆரம்பித்தோம். பாய் ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தார், சுண்டிப் பார்த்தார். திடீரென்று ஒன்றைத் தேள் கொட்டியதுபோலக் கீழே வைத்தார்.

“இதுல சுத்தி படம் போட்டிருக்குது. வேணாம்.”

“பாய், அது ஹேமர் மோடுங்க. தேவைப்பட்டாதான் அந்தப் பக்கம் திருப்பணும்.”

“அடிக்கிறது எதுவும் எங்க வூட்டுக்கு வேணாம். சாதுவா ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் சாதுவான ஒன்றை எடுத்துச் செங்கல்லில் வைத்து அழுத்தினார். அது கத்தியது, புகைந்தது, உள்ளே மட்டும் போகவில்லை.

“இது மரத்துக்குத்தாங்க. அலமாரி, கதவுன்னா போதும். செங்கல்லு சொவுரு சுத்தி இல்லாம எறங்காது. டைல்ஸு மட்டும் தாண்டுற வரைக்கும் சுத்திய ஆஃப் பண்ணி, மொன ஈட்டி மாதிரி இருக்குற பிட்ட போட்டு மெதுவா ஓட்டணும். அப்பறமா பிட்ட மாத்தி, சுத்தியப் போட்டுக்கலாம்.”

பாய் செங்கல்லைப் பார்த்தார், சுத்தியல் படத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். பாயம்மாவை நினைத்திருப்பார். “சரி, அதையே குடுங்க” என்றார், குரல் இறங்கி.

“இதே மெஷின உங்க தெருவுலயே ஒருத்தவங்க வாங்கியிருக்காங்க பாய். ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல” என்றார் கடைக்காரர்.

“யாரோ சொந்த வூட்டுக்காரங்க போல” என்று பாய் ஆறுதல் அடைந்தார்.

இரண்டு பேட்டரி உள்ள செட்டை வாங்கச் சொன்னார் கடைக்காரர். நானும் சொன்னேன். “ஆறு ஓட்டைக்கு எதுக்கு ரெண்டு பேட்டரி? நான் என்னா சுரங்கமா தோண்டப் போறேன்?” என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். சிக்கனமாக மெஷின் வாங்கப் போகும் வாசகர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

மறுநாள் காலையில் பயிற்சி. எங்கள் கம்பெனியில் கழித்துக் கட்டிய தட்டு, டைல்ஸ் எல்லாம் ஒரு சாக்கில் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் தட்டு இரண்டானது. இரண்டாவது நாலானது. பாய் விடவில்லை. பிட் வழுக்காமல் இருக்கப் பேப்பர் டேப் ஒட்டினார், வேகத்தைக் குறைத்தார், பல்லைக் கடித்தார். வெயில் ஏறுவதற்குள் ஒரு டைல்ஸில் முறுக்கு அச்சு மாதிரி வரிசையாக ஓட்டை போட்டு, அதைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

மகள் போன் செய்தாள். வடலூர் தாண்டிவிட்டார்களாம். பாய் பாத்ரூமுக்குள் போனார். டைல்ஸ் ஒவ்வொன்றாகச் சுண்டி, கணீரென்ற இடமாகத் தேடி, பென்சிலால் குறித்தார். “பிஸ்மில்லா” என்று ஆரம்பித்தார். முதல் ஓட்டை வெண்ணெயாக இறங்கியது. இரண்டு, மூன்று. நாலாவதில் மெஷின் இருமியது. முனகியது. நின்றுவிட்டது. சார்ஜ் முழுவதையும் தட்டுகள் தின்றுவிட்டிருந்தன!

போன் மறுபடி அடித்தது. “மந்தாரக்குப்பத்துல டீ குடிக்கிறோம் அத்தா. அம்மா பாத்ரூம் போகணுங்குறாங்க. நேரா வூட்டுக்கே வந்துடுறோம்.”

சார்ஜ் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாய் மாட்டாத கம்பியைப் பிடித்தபடி நின்றார். “சொவுத்த காப்பாத்தி காப்பாத்தி அவங்கள கோட்ட வுட்டேன் தம்பி. முன்னாடியே ஒரு கம்பி போட்டிருந்தா விழுந்திருப்பாங்களா?” என்றார்.

அப்போது, மெஷின் சத்தம் நின்றதைக் கேட்டு நடு வீட்டு நிர்மலா டீச்சர் வந்து நின்றார். முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தார். எடுத்து நீட்டினார். அதே பேட்டரி. அதே கம்பெனி, அதே கலர்.

பாய் பேட்டரியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கடைக்காரர் சொன்ன ‘ஒருத்தவங்க’ யார் என்று அவருக்கு மெதுவாக விளங்கியது.

“எத்தன ஓட்ட டீச்சரம்மா?”

“கண்ணாடிக்கு ரெண்டு... ஸ்கூல் பேகுக்கு ஒண்ணு... நீங்க தொழுவப் போன நேரமா பாத்து...” என்று இழுத்தார் டீச்சர். “காலி பண்ணச் சொன்னா பண்ணிடுறேன் பாய். மொதல்ல இத மாட்டுங்க.”

பாய் பேட்டரியை வாங்கி மாட்டினார். நாலு, ஐந்து, ஆறு. ஸ்குரூவை முறுக்கி முடித்து, கம்பியில் தொங்கிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

பாயம்மா வாக்கரை விட்டுக் கம்பியைப் பிடித்தார்கள். நிதானமாக நின்றார்கள். கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் திரும்பி, “இவ்ளோ அழகா ஓட்ட போடத் தெரிஞ்சி வச்சிக்கிட்டா இத்தன வருஷமா என் காலண்டர கதவு கொண்டியில மாட்ட வச்சீங்க?” என்றார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சாயந்திரம் அவர் டீச்சர் வீட்டுக்குள் போனபோது நாங்கள் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே சுண்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், “கண்ணாடி ஒரு நூல் சாஞ்சிருக்குது. நாளைக்கு நேராக்கித் தரேன்” என்றார். அத்தோடு சரி.

அடுத்த வருடம் நாங்கள் சொந்த வீட்டுக்குக் கிளம்பினோம். சாமான்கள் ஏறிய பிறகு, வழக்கம்போலப் பாய் சுவரைப் பார்க்க வந்தார். ஹால், சமையல்கட்டு, படுக்கை அறை எல்லாம் சுற்றினார். ஒரு கீறல் கிடையாது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். முகம் வாடிவிட்டது.

“ஒண்ணு கூட அடிக்கலியா தம்பி? வாழ்ந்த வூடு மாதிரியே இல்லியே.”

விறுவிறுவென்று போய் மெஷினை எடுத்து வந்தார். ஹாலில் சுண்டிச் சுண்டி நல்ல இடமாகப் பார்த்து ஓர் ஓட்டை போட்டு, தூசியை வாயால் ஊதினார்.

“இது உங்க கல்யாண போட்டோ மாட்டுற எடம். இத மட்டும் யாரையும் அடைக்க வுட மாட்டேன்.”

“நாங்கதான் கெளம்பிட்டோமே பாய்” என்றாள் செல்வி.

“இருந்தீங்கல்லம்மா.”

புது வீட்டில் சுவரெல்லாம் ஆணிதான். ஆனாலும் நானும் செல்வியும் ‘நம்ம ஓட்டை’ என்று சொல்வது பாய் வீட்டு ஹாலில் இருக்கும் அந்த ஒன்றைத்தான்.