இயற்கைக் காவலரின் எட்டு நாள் பட்டி

பட்டணத்தில் இயற்கைக் காவலர் என்றொரு இனம் உண்டு. தேடிப் போக வேண்டியதில்லை; நீங்கள் வாயில் எதையாவது வைத்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். "உது எந்தப் பசளையிலை விளைஞ்சது?" என்பார். கலியாண வீட்டிலும் கேட்பார், செத்த வீட்டிலும் கேட்பார். தேநீர்க் கடையில் சீனியைக் கண்டால் முகம் சுளித்துப் பனங்கட்டி கேட்பார். இல்லையென்றால், கடைக்காரர் மேல் ஆழ்ந்த அனுதாபத்துடன் அந்தச் சீனியிலேயே இரண்டு கரண்டி போட்டுக் குடிப்பார்.

எண்பத்தோராம் ஆண்டு கிளிநொச்சியில் இந்த இனத்துக்குத் தலைவராக இருந்தவர் சிற்றம்பலம். பகலில் காணிக் கந்தோரில் பிரதம லிகிதர். பின்னேரத்தில் இயற்கை உணவுக் கழகத் தலைவர். குரக்கன் தானியத்தின் பெருமையை ஒன்றேகால் மணி நேரம் பேசுவார், யூரியாவைப் பெயர் சொல்லாமல் 'அந்த வெள்ளை விஷம்' என்பார், பேச்சு முடிந்ததும் பேக்கரி பணிஸ் பரிமாறுவார்கள். குரக்கன் கூழ் பரிமாறினால் கூட்டக் குறிப்பில் சிந்திவிடுமாம். ஆனால் மனிதர் நடிக்கவில்லை. தான் சொல்வதை முழுமனதாக நம்பினார். அதுதான் ஆபத்து.

அவரைத் தவிர அதை நம்பியவள் ஒருத்திதான்: மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் ஓர் ஏக்கர் மிளகாய் செய்த வீரம்மா. முந்திய வருடம் யூரியா போட்டு மண் இறுகிப்போன வெறுப்பில், இம்முறை ஏரம்பரின் மாட்டுப் பட்டிக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஏரம்பரின் அறுபது மாடுகளும் முறைவைத்து ஒவ்வொரு நிலத்திலும் எட்டு நாள் அடைபட்டுக் கிடக்கும். பிறகு அந்த நிலத்துக்கு அந்தப் போகம் வேறு பசளை வேண்டாம். மாரி மழைக்கு முந்திய கடைசி முறை வீரம்மாவுடையது. அது தவறினால் மிளகாயும் தவறும்.

அந்த வேளை பார்த்து, கழகத்தின் மாதிரித் தோட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. தோட்டம் எங்கே? சிற்றம்பலத்தின் வீட்டு வளவில், வருகிற வருடத் திட்டத்தில் இருந்தது. மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரம்பரிடம் ஓடினார்.

"எட்டு நாளைக்குப் பட்டியை என்ரை வளவிலை அடையுங்கோ. வீரம்மாவுக்கு அடுத்த கிழமை போடலாம்."

"அடுத்த கிழமை மழை இறங்கினால் நான் மாடுகளைக் காட்டுக்கரைக்குச் சாய்ச்சுக்கொண்டு போயிடுவன். பிறகு அவளுக்கு என்ன செய்யிறது?"

"இயற்கை பாத்துக்கொள்ளும், ஏரம்பர்."

ஏரம்பரின் காணிப் பெர்மிற் கையெழுத்துக்காகச் சிற்றம்பலத்தின் மேசையில் கிடந்தது. ஏரம்பர் தலையாட்டினார்.

அறுபது மாடுகளும் பட்டணத்து வளவுக்குள் புகுந்தன. முன்வீட்டு விமலேஸ்வரி ரீச்சரின் கொடியில் காய்ந்த சேலையில் பாதியை ஒரு நாம்பன் தின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு நியாயம் கேட்க வந்த ரீச்சரிடம், இந்த மணத்தைப் பழகிக்கொண்டால் ஆயுள் கூடும் என்று சிற்றம்பலம் விளக்கினார். அதிகாரி வந்தார், கைலேஞ்சியால் மூக்கை மூடியபடி வெறும் சாணத்தைப் பார்த்து, மிகவும் நம்பிக்கை தருகிறது என்றார், மாலையோடு படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மழை இறங்கியது. ஏரம்பர் மாடுகளைக் காட்டுக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து, கூட்டுறவுக் கடை வாசலில் வீரம்மா தலையில் யூரியாப் பையோடு நிற்பதைக் கண்ட சிற்றம்பலத்துக்கு நெஞ்சே வலித்தது. சைக்கிளிலிருந்து இறங்கினார்.

"என்ன வீரம்மா உது? கூட்டத்திலை முன் வாங்கிலை இருந்து என்ரை பேச்செல்லாம் கேட்டனீ தானே?"

"கேட்டேங்க ஐயா. ஒரு வார்த்தை மறக்கல. எனக்கு வரவேண்டிய சாணி உங்க வளவுல கெடக்கு. கன்னு பழுத்துப்போய் நிக்குது, எதையாச்சும் போடணுமில்லீங்களா? அங்கதான் இன்னும் ஒன்னும் நடலியே. ரெண்டு வண்டி அள்ளிக்கிட்டுப் போகட்டுங்களா?"

சிற்றம்பலத்துக்கு ஒரு கணம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கணம்.

"அது கழகத்தின்ரை சாணம், வீரம்மா. நிர்வாகக் குழுவைக் கேக்க வேணும். குழு தீபாவளிக்குப் பிறகுதான் கூடும்."

அவருடைய மனைவி இராசேஸ்வரி எந்தக் குழுவையும் கேட்கவில்லை. கதை காதில் விழுந்ததும் வீரம்மாவுக்குச் சொல்லியனுப்பி, கணவர் கந்தோருக்குப் போன பிறகு படலையைத் திறந்துவிட்டார். மண்வெட்டியும் எடுத்துக் கொடுத்தார்.

"உவர் வாறதுக்குள்ளை அள்ளு பிள்ளை. என்ரை மூக்குக்கும் விடுதலை."

பின்னேரம் வந்து சுரண்டிய நிலத்தைக் கண்ட சிற்றம்பலம் குதித்தார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் அறியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். பிறகு பேனாவை எடுத்தார். தீபாவளி கழிந்து நடந்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது: வறிய விவசாயி ஒருவருக்குக் கழகம் இரண்டு வண்டில் இயற்கைப் பசளையை அன்பளிப்புச் செய்தது. பலத்த கைதட்டல். வீரம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

"நன்றிங்க," என்றாள் அவள். "மிச்சத்தையும் அள்ளிக்கலாங்களா?"

அதற்கும் கைதட்டினார்கள். சிற்றம்பலம் எழுந்து கைகூப்பினார். தானே கொடுத்ததாக அதற்குள் அவர் நம்பிவிட்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்கிறீர்கள். நல்லது. நீங்கள் கடைசியாக ஊருக்குச் செய்த உபகாரம் ஒன்று இருக்குமே, நாலு பேர் கைதட்டியும் இருப்பார்களே, அது முதலில் யாருடைய முறையாக இருந்தது என்று ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். அதற்கெல்லாம் நேரமில்லை, பின்னேரம் கூட்டம் இருக்கிறது என்கிறீர்களா? அப்படியானால் தாமதிக்காமல் போங்கள், ஐயா. தலைமை தாங்க உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.