காலி அறைக்கு ஒரு கணக்கு

என்னைச் சராசரிக் கணவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சராசரி எடுப்பதே என் தொழில்.

பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் குழம்பிப்போய் எங்கள் ஆபீஸுக்கு வருவார்கள். எந்த லாரியை எந்த வழியாக அனுப்பினால் டீசல் மிச்சம்? புதுக் கடையை எந்தத் தெருவில் போட்டால் கூட்டம் வரும்? புது மருந்து வேலை செய்கிறதா, இல்லை நோயாளி தானாகத் தேறிவிட்டாரா? நாங்கள் புள்ளிவிவரம் சேர்ப்போம். கணினியில் போட்டுப் பிசைவோம். இருக்கிற வழிகளிலேயே சிறந்த வழி எதுவோ அதை எடுத்துக் கையில் கொடுப்போம். அவர்களும் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்ட நான் வீட்டுக்கு வந்தால், செருப்பை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று என் மனைவி சொல்லுவாள்.

இந்த நிலைமையை மாற்றக் கடவுள் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார். மகள் கல்யாணமாகிப் போனாள். மகன் வேலை கிடைத்துப் போனான். வீட்டில் ஓர் அறை காலியானது.

அந்த அறை எனக்கு வேண்டும். என் மேஜை இத்தனை வருஷமாக ஹாலில், கிழக்கு ஜன்னல் ஓரத்தில் கிடக்கிறது. ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் வாசல் மணி. நடுவில் நான். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக ஒரு வரி யோசிக்க முடிந்ததில்லை. அந்த அறைக்கு நல்ல கதவு. தாழ்ப்பாள்கூட உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். என் மனைவி அடிக்கடி அந்த அறைக்குப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து, முகம் கழுவிவிட்டது போல அமைதியாகத் திரும்பி வருவாள். அவள் பிரார்த்தனைக்காரி. பிள்ளைகளுக்காக, எனக்காக, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியாமல் இருப்பதற்காக, எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அது பிரார்த்தனை அறையாக வேண்டும்.

கடவுளுக்கும் எனக்கும் நேரடிப் போட்டி என்றால் முடிவு தெரிந்ததுதான். ஆனால் கணக்கு வழியாகப் போனால் எனக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் தீர்மானித்தேன்.

"இங்க பாரும்மா, அந்த ரூமை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும்."

"பண்ணுங்க."

"நானா பண்ண மாட்டேன். நீயும் பண்ண வேண்டாம். கணக்கு பண்ணட்டும்."

"கணக்குக்கு எதுக்குங்க தனி ரூமு?"

"அதுக்கு இல்லம்மா. இந்த வீட்டுல எது எங்க இருந்தா நமக்கு நடை குறைச்சல், நிம்மதி அதிகம்னு கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும். அது சொன்னா ரெண்டு பேரும் கட்டுப்படணும். சம்மதமா?"

"நிம்மதியை எப்படிங்க அளப்பீங்க?"

"நம்பர் போடுவேன். என் நிம்மதிக்குக் கொஞ்சம் எடை கூடுதலா."

"அது சரி. ஆளும் எடை கூடுதல்தானே."

சம்மதித்துவிட்டாள். அன்றைக்கே போனில் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா, அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"கேக்கவே கூடாதும்மா. கேட்டா ஜனங்க மனசுல இருக்கிறதைச் சொல்ல மாட்டாங்க. நமக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லுவாங்க. நடந்துக்கிறதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"பார்த்தேன். பதிவு பண்ணலை."

மகள் சிரித்த மாதிரி இருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு போட்டு உட்கார்ந்து கவனித்தேன். யார் எங்கே போகிறார்கள், எத்தனை நேரம் நிற்கிறார்கள், எல்லாம் குறித்தேன். என் மனைவி அதிகமாக இருப்பது சமையலறை. அதற்கு அடுத்தபடி அந்தக் காலி அறை. ஹாலில் என் மேஜைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெருக்குகிறபோதுகூட அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆகவே, ஹாலில் அவளுக்கு நாட்டம் கிடையாது; காலி அறையில் ஏக நாட்டம். புள்ளிவிவரம் பளிச்சென்று பேசியது.

அடுத்தது நிபந்தனைகள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"நிபந்தனைன்னா மீறக் கூடாத விஷயம். போன மாசம் ஒரு பேக்கரி முதலாளி வந்தார். புதுக் கடைக்கு இடம் பார்க்கணும். எல்லாம் சொல்லிட்டு, கடைசியில மெதுவா ஒண்ணு சொன்னார். கடை அவர் மாமியார் வீட்டுத் தெருவுல இருக்கக் கூடாதாம்."

"நல்ல மனுஷன். அப்புறம்?"

"கணக்கு போட்டா, ஊர்லயே நல்ல தெரு அந்தத் தெருதான். இந்த ஒரு நிபந்தனையால லாபத்துல பாதி போயிடுது. எந்த நிபந்தனை கழுத்தைப் பிடிக்குது, அதை விட்டா எவ்வளவு கிடைக்கும், எல்லாத்தையும் கம்ப்யூட்டர் காட்டிடும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு விலை இருக்கும்மா."

அவள் பரிமாறுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்போ ஒருத்தர் ஒரு நிபந்தனையை வச்சுக்கிட்டு, இதை விட்டுக்கொடுத்தா என்ன தருவேன்னு கேக்கலாமா?"

"அபாரம். இதைப் புரிஞ்சுக்கவே எங்க ஆபீஸ்ல சிலருக்கு வருஷக் கணக்கா ஆவுது."

எனக்கு உள்ளூர ஒரே பெருமை. நல்ல ஆசிரியன் கையில் கொடுத்தால் யாருக்கும் கணக்கு வரும்.

"சரி, உனக்கு ஏதாவது நிபந்தனை இருந்தா சொல்லு, போட்டுடறேன். பாரபட்சம் கிடையாது."

"எனக்கு என்னங்க பெரிசா இருக்கப்போவுது. நீங்க வேலை பார்க்கிறப்ப டீ கொண்டாந்து கொடுக்கிறது நான்தானே. முழங்கால் ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்க எங்க உக்காந்தாலும் அடுப்படிக்குப் பக்கத்துலயே இருக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு டீ தருவதற்காக ஒரு நிபந்தனை. நெகிழ்ந்துபோய்ப் போட்டேன்.

"அப்புறம் அந்த வாஷிங் மெஷின். துணி துவைச்சு முடிச்சு அது கூப்பிடுறது எனக்கு அடுப்படிச் சத்தத்துல கேக்கலை. துணி உள்ளேயே கிடந்து நாறுது. நீங்க இருக்கிற இடத்துக்கு அது கேக்கணும்."

நியாயம். போட்டேன்.

"பிள்ளைங்க வந்தா கதவு உள்ள ரூம்ல படுக்கணும். அங்க காகிதக் குப்பை கிடக்கக் கூடாது. நான் பொதுவாச் சொன்னேன். உங்களைச் சொல்லலை."

பொதுவாகத்தானே சொன்னாள். அதையும் போட்டேன்.

மூன்றே மூன்று நிபந்தனை. மூன்றும் பஞ்சு மாதிரி. கணினியைத் தட்டினேன். அதுவும் யோசிக்கவே இல்லை, உடனே சொல்லிவிட்டது. காலி அறை: பிரார்த்தனைக்கு. என் மேஜை: சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்.

நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். என் நிம்மதியின் எடையை இரண்டு பங்காக்கினேன். கணினி அசையவில்லை. மேஜையின் வலது காலைச் சாக்கடை மூடிமேல் வைக்கக் கூடாது என்று மட்டும் கூடுதலாகச் சொன்னது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சொல்லுது?"

"இன்னும் யோசிக்குது."

"மெஷினுக்குப் பக்கத்துலன்னு எழுதியிருக்கு போலிருக்கே."

"அது சும்மா, முதல் விடை."

"பரவாயில்லைங்க. கம்ப்யூட்டர் சொன்னாக் கட்டுப்படணும்னு நீங்கதானே சொன்னீங்க. அங்க ஒரு ஸ்டூல் இருக்கு."

சாதாரண ஆள் இந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருப்பான். நான் தொழில்காரன். எந்த நிபந்தனை என் கழுத்தைப் பிடிக்கிறது என்று பார்த்தேன். மூன்றும் பிடித்தன. நானாகவே அவற்றைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அது தொழில் தர்மம் இல்லை. அவளும் பக்கத்திலேயே நின்றாள். பேரம்தான் வழி. கம்பெனி முதலாளிகளை வழிக்குக் கொண்டுவந்த வாய் எனக்கு.

"இங்க பாரும்மா, அந்த டீ நிபந்தனை. அதை விட்டுக்கொடுக்கிறியா?"

"ஐயோ, உங்களுக்கு டீ இல்லாம எப்படிங்க? என் மனசு கேக்காதே."

"நானே போட்டுக்கறேன்."

"இருங்க, ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டு வரேன்."

அந்த அறைக்குப் போனாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தாள்.

"விட்டுடலாம்னுதாங்க தோணுது. நீங்க போடுறப்ப, காலையில எனக்கும் ஒரு கப் சேர்த்துப் போட்டீங்கன்னா முழங்காலுக்கும் நல்லது."

ஒரு கப் டீக்கு ஓர் அறை. இத்தனை மலிவான பேரம் எங்கள் ஆபீஸ் சரித்திரத்திலேயே கிடையாது. சட்டென்று ஒப்புக்கொண்டேன், மனம் மாறிவிடப் போகிறாளே என்று.

"அடுத்தது மெஷின். அது கேக்காட்டி என்ன, நானே அப்பப்ப வந்து பார்த்துக்கறேன்."

"பார்த்து?"

"பார்த்து... துணியை எடுத்துடறேன்."

"எடுத்து?"

"காயப்போட்டுடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் வேண்டிக்கொள்ளப் போனாள். இந்த முறை சீக்கிரமே உத்தரவு கிடைத்துவிட்டது. காயப்போட்டால் மட்டும் போதாதாம், மடித்தும் வைக்க வேண்டுமாம்.

மூன்றாவதுக்கு அவள் அறைப்பக்கம் போகவே இல்லை. தினமும் சாயங்காலம் மேஜையைத் துடைத்துக் காகிதங்களை ஒதுங்க வைப்பேன் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் கெஞ்சியும் நடக்காத காரியம் அது. என்ன செய்வது, வெற்றி வாசலில் நிற்கும்போது காகிதத்தைப் பார்க்க முடியுமா?

கணினியைத் தட்டினேன். காலி அறை: என் மேஜைக்கு.

"பார்த்தியா?" என்றேன். குரலில் ஒரு கம்பீரம் வந்துவிட்டது. "கணக்கு எப்பவும் நியாயம்தான் பேசும்."

"ஆமாங்க. மேஜையை இப்பவே நகர்த்திடலாம். நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது."

தோற்றவள் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேஜையின் ஒரு முனையை நான் பிடித்தேன். இன்னொரு முனையை அவள் பிடித்தாள். தேக்கு மேஜை. பாதி வழியில் நான் மூச்சு வாங்க நின்றேன்.

"விடுங்க, மீதியை நான் தள்ளிக்கிறேன்," என்றாள்.

தள்ளியும் விட்டாள். சந்தோஷத்தில் முழங்கால் வலிகூட மறந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாருடைய சந்தோஷம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று பூராவும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் போன் செய்து, "அறிவியல் ஜெயிச்சுடுச்சு" என்றேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "பாவம், காட்டிக்கலை," என்றேன். பிரார்த்தனைக்கு அவளுக்கு இனி எங்கே இடம் என்று நினைத்தபோது லேசாக உறுத்தியது. அவளுக்காக நானே ஒரு கணக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில், ஒப்பந்தப்படி எழுந்தேன். துணியை மெஷினில் போட்டேன். குளித்துவிட்டு வந்து டீ போட்டேன். அவள் கப்பை எடுத்துக்கொண்டு தேடினேன். சமையலறையில் இல்லை. ஹாலுக்கு வந்தேன்.

கிழக்கு ஜன்னல் ஓரம். நேற்றுவரை என் மேஜை கிடந்த இடம். தரை பளபளவென்று துடைத்திருந்தது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இளவெயில் அவள் மடியில் விழுந்திருந்தது. மடியில் பிரார்த்தனைப் புத்தகம். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே கைகூப்பத் தோன்றியது. கையில் டீ இருந்ததால் நின்றேன்.

கண் திறந்தாள்.

"இங்கேயா உக்காந்திருக்கே?"

"கல்யாணமாகி வந்த புதுசுல இங்கதாங்க உக்காருவேன். காலை வெயில் நல்லா விழும். அப்புறம் உங்க மேஜை வந்துது."

"அப்போ அந்த ரூமுக்கு ஓயாம போயிட்டு வந்தியே?"

"வேற எங்க போறதுங்க? உங்க மேஜை இல்லாத ஜன்னல் வீட்டுல அது ஒண்ணுதானே."

என் தலைக்குள் ஏதோ ஒன்று தட்டுப்படத் தொடங்கியது. மெதுவாகக் கேட்டேன்.

"அப்போ... அந்த டீ, துணி, காகிதம், அதெல்லாம் செய்றேன்னு நான் வாக்குக் கொடுத்தது..."

"நீங்க நல்ல மனசோட கொடுத்தீங்க. நான் வேண்டாம்னு சொல்றது மரியாதையாங்க?"

"அந்த ரூமை நீ விட்டுக்கொடுத்ததுக்காகத்தானே கொடுத்தேன்."

என் மனைவி டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்னொரு வாயும் குடித்தாள்.

"அந்த ரூம் வேணும்னு நான் எப்பங்க கேட்டேன்?"

சேர்த்த புள்ளிவிவரம் முழுவதையும் மனசுக்குள் புரட்டினேன். அவள் எங்கே போனாள், எத்தனை நேரம் நின்றாள், எல்லாம் இருந்தது. அவள் கேட்டது மட்டும் எங்குமே இல்லை. உள்ளே, நடையிலிருந்து ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கூவியது.

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெஷின் நின்னுடுச்சு. காதுல விழுதாங்க?"